ஒட்டடைக்குச்சியும் சிலந்தியின் கண்களும்: ஓர் ஆய்வு

ஒட்டடைக்குச்சியைத் துப்புரவுக் கருவி என்றே அறிஞர் உலகம் இதுவரை கருதிவந்திருக்கிறது. அது உண்மையில் கண் பரிசோதனைக் கருவி என்பதே இக்கட்டுரையின் துணிபு. சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். கூரை மூலையில் வலைகட்டித் தொங்கும் நெட்டைக்கால் சிலந்தி, குச்சி பட்டதும் வலையோடு சுருண்டு வந்துவிடுகிறது. வலையில்லாமல் சுவரில் திரியும் குதிக்கும் சிலந்தியோ, குச்சி நெருங்கும் முன்பே திரும்பி நின்று, ஒரு கணம் பார்த்துவிட்டு, நாட்காட்டிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. முன்னது தேர்வில் தோற்றது, பின்னது தேறியது. அடிப்பவரின் குறி தவறியிருக்கலாமே என்பார்க்கு விடை: அதே கை மூலையில் தவறவில்லை.

இரண்டுக்கும் எட்டுக் கண்தானே என்று கேட்பார்கள். எண்ணிக்கையால் பார்வையை அளக்க முடியாது. சிலந்திகளில் ஆறு கண் உள்ளவை உண்டு, இரண்டே உள்ளவை உண்டு, குகை இருட்டில் கண்ணே அற்றுப்போனவையும் உண்டு. வலைச் சிலந்திக்கு உலகம் பெரும்பாலும் கால்வழியாக வருகிறது. இரையையும் துணையையும் நூலின் அதிர்வே அறிவித்துவிடும். தொந்தரவு செய்தால் நெட்டைக்கால் சிலந்தி உடலைக் கிறுகிறுவென்று சுழற்றித் தன்னை மங்கலாக்கிக்கொள்ளும். எதிரிப் பூச்சிக்கு அது தக்க பதில், குச்சிக்கு அல்ல. குதிக்கும் சிலந்தியின் கண்களோ வேலையைப் பிரித்துக்கொண்டவை. தலையைச் சுற்றி அமைந்த துணைக் கண்கள், ஏறக்குறைய முழு வட்டத்திலும் எது அசைந்தாலும் கண்டுகொள்ளும் காவலாளிகள். முகத்தின் நடுவிலுள்ள பெரிய இரண்டும் நுணுகிப் பார்ப்பவை. அவற்றின் வில்லை தலையோட்டோடு ஒட்டியிருப்பதால் நம்மைப்போல் விழியை உருட்ட வழியில்லை. ஆகவே வில்லைக்குப் பின்னால் நீண்ட குழாய்; அதன் கடைசியில் நான்கு அடுக்குள்ள ஒடுங்கிய விழித்திரை; குழாயை அசைக்க ஆறு தசைகள். வெளியே முகம் அசையாதிருக்க, உள்ளே அந்தத் திரை பொருளைத் துண்டுதுண்டாக வருடிக்கொண்டிருக்கும். சிலந்தி முறைக்கிறது என்று வீட்டார் சொல்வது, ஆகவே, வெறும் பிரமை அல்ல.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கால்களிலுள்ள நுண்மயிர்கள் காற்றசைவை உணருமே, கண்ணுக்கு இதில் என்ன பெருமை? உணரும்தான். ஆனால் காற்று மட்டும் போதுமென்றால் ஓடுவதற்கு முன் முகத்தைத் திருப்பும் வீண்வேலை எதற்கு? மேலும், துணைக் கண்களில் முன்பக்கவாட்டில் உள்ளவற்றை மூடிச் செய்த சோதனைகளில், நடுக்கண்கள் நகரும் பொருளைப் பின்தொடரத் தவறின. காவலாளி சொல்லாமல் பரிசோதகர் திரும்புவதில்லை.

இனி, தேர்வைக் கடினமாக்கும் வழி. வெப்ப நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஹசாரியஸ் அடன்சோனி என்ற குதிக்கும் சிலந்தியை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். அதன் விழித்திரையில் பச்சை ஒளியை உணரும் அடுக்குகள் இரண்டு. ஒன்றில் பிம்பம் தெளிவாக விழும். மற்றதில் மங்கலாகத்தான் விழும். எவ்வளவு மங்கல் என்பதைக் கொண்டே அது தொலைவைக் கணிக்கிறது. பச்சை கலவாத சிவப்பு வெளிச்சத்தில் அது இரையை எட்டாமல் குட்டையாகப் பாய்ந்தது. எனவே சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு ஒட்டடை அடிக்கலாம் என்று பரிந்துரைக்கத் தோன்றும். இரண்டு தடைகள்: ஓடி ஒளிகிற சிலந்திக்குப் பாய்ச்சல் கணக்கு தேவையில்லை, அந்த வெளிச்சத்தில் அடிப்பவருக்கு ஒட்டடையும் சரியாகத் தெரியாது.