அரம் பிடித்த கை

தியாகராய நகரில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், அந்தத் தெருவுக்கென்று ஒரு வைத்தியரும் ஒரு ஜோசியரும் வாடகைக்கு வீடு பார்த்துத் தருகிற ஒரு தரகரும் இருப்பது போலவே, பள்ளிக்கூடத்தில் எஞ்சினீயரிங் எடுத்துப் படித்தவர் என்று ஒருவரும் அவசியம் இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. யார் வீட்டிலாவது தண்ணீர் மோட்டார் நின்றுபோனால், மெக்கானிக் வருவதற்குக் கால்மணி நேரம் முன்பாகவே ஆஜராகி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, அந்த மோட்டாரின் மௌனத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவரே. "பேரிங் போச்சு" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். பிறகு மெக்கானிக் வந்து, பியூஸ் மாற்றி மோட்டாரை ஓட விட்டதும், "இப்போதைக்கு ஓடும்" என்பார்.

கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியை அவர் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. அவருடைய வித்தை அதற்கு முந்திய ஸ்தலத்தில் சம்பாதித்தது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகளில் பொதுப் பாடங்களோடு ஒரு தொழிலையும் கற்பிக்கலாமென்று ஓர் ஏற்பாடு வந்தது. எஞ்சினீயரிங், செக்ரட்டேரியல், நெசவு, விவசாயம் என்று பிரிவுகள் பல. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'பைஃபர்கேட்டட் கோர்ஸ்' என்று பெயர். 1952-இல் அமைந்த லட்சுமணசாமி முதலியார் கமிஷனும், பல தொழில் கற்பிக்கும் பள்ளிகள் வேண்டுமென்றே யோசனை சொல்லிற்று. நம்மவருடைய தகப்பனார் கமிஷன் அறிக்கையைப் படித்தவரல்லர். 'கையில் ஒரு தொழில் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வான்' என்று நினைத்தார், சேர்த்துவிட்டார். பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பரீட்சை எழுதி, தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீசில் குமாஸ்தாவாகி, ஓய்வு பெறும் வரையில் லெட்ஜரில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார். அரத்தை அதற்குப் பிறகு அவர் தொழிலுக்காகத் தொட்டதே கிடையாது. அதனாலேயோ என்னவோ, அதன் பேரில் அவருக்கிருந்த பக்தி இன்றளவும் தேயவில்லை.

அந்தப் பட்டறை நாட்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் கேட்பவருக்கும் கை துருதுருக்கும். வைஸில் இரும்புத் தகட்டைக் கவ்வ வைத்து, இடது காலை முன்னும் வலது காலைப் பின்னும் ஊன்றி, அரத்தை முன்னே தள்ளும்போது அழுத்தியும் பின்னே இழுக்கும்போது அழுத்தாமலும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே சீராக வர வேண்டும். கை சற்று ஊசலாடினாலும் இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுவில் மேடு தட்டிவிடும். மயில்துத்தக் கரைசலைப் பூசியதும் தகட்டின் மேல் செம்பு நிறம் படியும். அதன் மேல் ஸ்கிரைபரால் கோடு கீறி, சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி, அந்தக் கோடு வரையில் ராவ வேண்டும். ராவிய பின் மூலைமட்டத்தைப் பொருத்தி ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் இன்ஸ்ட்ரக்டர் வாயைத் திறக்க மாட்டார்; விரலால் வைஸைச் சுட்டுவார், அவ்வளவுதான். இதிலுள்ள தர்மசங்கடம் அனுபவித்தவருக்கே விளங்கும். கோணத்தைச் சரிப்படுத்த ராவினால் அளவு குறையும். அளவைக் காப்பாற்ற நினைத்தால் கோணம் கோணலாகவே நிற்கும். இந்தப் போராட்டத்தின் முடிவில் பையன் கையில் மிஞ்சுவது இரண்டு அங்குலச் சதுரமான ஓர் இரும்புத் துண்டு. அதை உலகத்தில் எந்த இயந்திரத்திலும் மாட்ட முடியாது.

உபயோகமற்ற ஒரு பொருளை இவ்வளவு சிரத்தையோடு செய்ய வைத்தது நம் ஊர் வாத்தியார்களின் வேடிக்கை என்று எண்ண வேண்டாம். 1868-இல் மாஸ்கோ ராஜாங்கத் தொழில்நுட்பப் பள்ளியில் டெல்லா-வோஸ் என்பவர், விற்பனைக்குரிய சாமான்களைச் செய்ய வைப்பதை விட்டு, ஒவ்வொரு கருவிக்கும் படிப்படியான பயிற்சித் துண்டுகளை வகுத்தார். 1876-ஆம் வருஷத்துப் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தத் துண்டுகளைப் பார்த்த அமெரிக்கர்கள் சொக்கிப்போய்த் தங்கள் தேசத்திலும் அந்த முறையை ஸ்தாபித்தார்கள். ஜார் சக்கரவர்த்தியின் ராஜ்யம் போய்விட்டது. மாம்பலத்துப் பையன் ராவிய துண்டு மட்டும் இன்னும் அவர் பூஜை அலமாரியில், சாளக்கிராமத்துக்குச் சற்றுக் கீழே, எண்ணெய் பூசிய துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு.

அவருடைய சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர் இல்லாத நாளே இல்லை. அதனால் நேரும் அனர்த்தங்கள் பல. உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு ஹார்டுவேர் கடையில் நடந்ததைச் சொன்னால் போதும். அரை அங்குலக் குழாய் கேட்டார். கடைக்காரர் எடுத்து நீட்டினார். இவர் காலிப்பரை வைத்து அளந்தார். வெளி விட்டம் 21.3 மில்லிமீட்டர் காட்டிற்று. அரை அங்குலமென்றால் 12.7 அல்லவா? உள் விட்டத்தையும் அளந்தார். அதுவும் கூடவே காட்டிற்று.

"இது அரை இஞ்ச் இல்லையேப்பா!"

"அரை இஞ்ச்தான் சார்."

"எங்கே அரை இஞ்ச்? காட்டு பார்ப்போம்."

"சார், அரை இஞ்ச்னு கேட்டா இதான் குடுப்போம். அளந்துல்லாம் பாக்கக் கூடாது சார்."

குழாயின் பெயர் ஓர் அளவாகவும் உருவம் வேறோர் அளவாகவும் இருப்பது உலகம் முழுவதும் வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் அன்று கடையில் நின்ற பிளம்பர்கள், கொத்தனார்கள் அனைவருக்கும் அளவின் புனிதத்தைப் பற்றி ஓர் உபந்நியாசம் செய்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினார். கொல்லைக் குழாய் மேலும் ஒரு வாரம் ஒழுகிற்று.

கோயமுத்தூர் ஜி.டி. நாயுடுதான் அவருடைய குலதெய்வம். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் தலைமையை வகித்த நாயுடு, நாலு வருஷப் படிப்பு வீண் காலச்செலவு என்று விலகிக்கொண்டதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். ஆயினும் தம் சொந்தக் குமாரனை அதே நாலு வருஷப் படிப்பில் சேர்க்க அவர் பட்ட பாட்டைத் தெருவே அறியும். இதில் அவரை மாத்திரம் குறை சொல்வது நியாயமாகாது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. இன்றும் பதினொன்றாம் வகுப்பில் அடிப்படை இயந்திரவியல் ஒரு பாடமாக இருக்கிறது. மார்க் குறைந்த பிள்ளைக்குத்தான் அது என்று நாம் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம். அரம் பிடிக்கத் தெரிவதற்கும் அல்ஜீப்ரா தெரிவதற்கும் என்ன விரோதமென்று எனக்கு இதுவரையில் விளங்கவில்லை.

போன விடுமுறையில் பேரன் வந்திருந்தான். அவனுடைய பள்ளியில் அடல் ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தான் செய்த பிளாஸ்டிக் கனசதுரத்தைத் தாத்தாவிடம் காட்டினான். தாத்தா காலிப்பரை எடுத்தார். 0.2 மில்லிமீட்டர் பிசகு. அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை வீட்டார் வெகு நாளாகப் பார்த்ததில்லை. "பட்டனைத் தட்டினா இப்படித்தான்டா. கையில பிடிச்சு ராவணும்" என்றார்.

பையன் சும்மா இருக்கவில்லை. காலிப்பரை வாங்கிக்கொண்டு, பூஜை அலமாரியிலிருந்து அந்த இரும்புத் துண்டை எடுத்து, துணியை விலக்கி, அரை நூற்றாண்டாக எவரும் அளந்திராத அதனை இரண்டு இடத்தில் அளந்தான். ஓர் ஓரத்தில் 50.8, மறு ஓரத்தில் 51.2.

"தாத்தா, உங்களோடது 0.4 பிசகு!"

"இரும்புடா அது. வெயில்ல விரியும்."

பையன் போனில் ஏதோ கணக்குப் போட்டான். "0.4 விரியணும்னா அறுநூத்தம்பது டிகிரி சூடு ஏறணும் தாத்தா."

"சித்திரை மாசம் மத்தியானம் ரங்கநாதன் தெருவில ஒரு நடை நடந்து பார்த்துட்டு வந்து பேசு" என்றார் அவர், துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டே.