மூலையில் ஒரு சிவப்பு நாற்காலி

நிக்கான் டி90 கையில் இருந்தவரை என் படங்கள் கெட்டுப்போனால் அதற்கு நான் பொறுப்பில்லை. அதன் வியூஃபைண்டர், பதியப்போகும் படத்தில் 96 விழுக்காட்டைத்தான் காட்டும். மிச்சம் ஓரமாய், நாம் பார்க்காமலே வந்து உட்கார்ந்துவிடும். பெம்பானில் ஒரு பரிசத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி பாதியும் யாருடையதோ முழங்கை ஒன்றும் விழுந்தபோது, பெண்ணின் சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கை விளக்கினேன். "அப்படியா தம்பி" என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்.

2010-இல் டி7000 வந்தது. வியூஃபைண்டரில் நூற்றுக்கு நூறு. 12.3 மெகாபிக்சல் 16.2 ஆயிற்று, 11 ஃபோகஸ் புள்ளி 39 ஆயிற்று, கார்டு போட இரண்டு இடம். ஜாசின் கோப்பிக்கடையில் தே தாரேக் ஆறிப்போகும்வரை கூட்டாளிகளிடம் இதை ஒப்பித்தேன். ஒருவர்கூட வாங்கச் சொல்லவில்லை. வாங்கினேன். விலையை வீட்டில் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். 'கொஞ்சம்' என்பதும் குறைத்துச் சொன்னதுதான்.

அடுத்த கல்யாணத்திலேயே அதே சிவப்பு நாற்காலி. இந்த முறை கண்ணெதிரே முழுசாய்த் தெரிந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் வியூஃபைண்டரின் அடியில் ஓடும் எண்களை ரசித்துக்கொண்டிருந்தேன்.

மெகாபிக்சல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டதாக அளந்திருந்தேன் அல்லவா? படத்தின் அகலம் 4288 புள்ளியிலிருந்து 4928 ஆகியிருக்கிறது, 15 விழுக்காடு. சட்டம் போட்டு சுவரில் மாட்டினால் வித்தியாசம் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தது என் கைநடுக்கம்தான். புள்ளிகள் நெருக்கமாகிவிட்டதால் அதே நடுக்கம் கூடுதல் புள்ளிகளில் இழுபடுகிறது. பழைய கேமராவில் 'கொஞ்சம் மென்மையாக எடுத்தேன்' என்று சொல்லித் தப்பிய மணப்பெண்ணின் மூக்குத்தி, கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு மூக்குத்தியாக நின்றது. பெண் வீட்டார் ஒன்றுதான் போட்டிருந்தார்கள்.

மாசி மகத்தன்று மலாக்காவுக்குப் போனேன். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலைக்கு வெள்ளி ரதம் போய்த் திரும்பும். ஐஎஸ்ஓ 3200 வரை போன இடத்தில் இப்போது 6400; நொடிக்கு நாலரைப் படம் எடுத்த இடத்தில் ஆறு. ரதம் நெருங்கியதும் பொத்தானை விடாமல் அழுத்தினேன். 39 புள்ளியில் எதைப் பிடிப்பது என்பதைக் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டிருந்ததால், அது கிட்டத்தில் இருந்ததைப் பிடித்தது. படத்துக்குப் படம், முன்னால் நின்றவர் தூக்கிப் பிடித்த கைப்பேசி பளிச்சென்று இருக்கிறது. அதன் திரைக்குள் ரதம் நன்றாகவே வந்திருக்கிறது.

வீடியோ கதை வேறு. எஸ்எல்ஆர் வகையில் முதலில் வீடியோ எடுத்ததே டி90-தான், 2008-இல். ஆனால் உயர்தர வீடியோ ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். டி7000 இருபது நிமிடம் ஓடும். ஆகவே ஒரு பிறந்தநாள் விருந்தில் தாய்மாமனின் வாழ்த்துரை ஒரு சொல் விடாமல் பதிவானது. பழைய கேமராவே தேவலை என்று அன்றைக்கு நிறையப் பேர் சொன்னார்கள்.

பேட்டரியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பழையதற்கு இஎன்-இஎல்3இ, புதியதற்கு இஎன்-இஎல்15. பார்வைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் தீமிதிக்கு, உபரியாக இருக்கட்டும் என்று பழையதை எடுத்துப் போயிருந்தேன். பூக்குழியில் முதல் ஆள் இறங்கும் நேரம் கேமரா அணைந்தது. இரண்டு கார்டும் காலியாக, தயாராக இருந்தன. "என்ன மாமா, படம் எடுக்கலியா?" என்று மருமகன் கேட்டான். சாமி கும்பிட வந்ததாகச் சொன்னேன்.

2013-இல் டி7100 வந்துவிட்டது: 24.1 மெகாபிக்சல், 51 புள்ளி. நுணுக்கத்தைச் சற்றே மங்கவைக்கும் லோ-பாஸ் ஃபில்டரையும் எடுத்துவிட்டார்கள். கூட்டாளிகளுக்கு இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்கு எந்த விலையைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.