சித்தாண்டிச் சாப்பாட்டுக் கடையில் மத்தியானச் சோறு: பருவம், மீன், தயிர் ஆகியவற்றை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

சாப்பாட்டுக் கடை எனப்படுவது நாலைந்து மேசைகளும், ஒரு கண்ணாடி அலுமாரியும், அவ்வலுமாரிக்குப் பின்னால் ஒரு முதலாளியும், அவருக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் குரல் மட்டும் கேட்கின்ற ஒரு குசினியும் உடையதாய், நண்பகலுக்குச் சற்று முன் தொடங்கிச் சோறு முடியும்வரை நடந்து, சோறு முடிந்த கணமே தேத்தண்ணிக் கடையாக மாறிவிடும் ஓர் அமைப்பாகும். மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில், திருகோணமலை நெடுஞ்சாலையின் இருமருங்கும் பரந்து, சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் பெயர்பெற்று விளங்கும் சித்தாண்டியில் இவ்வமைப்பு நெடுங்காலமாக நிலவிவந்தும், அங்கே உண்ணும் முறை பற்றி அறிஞருலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஆராயப் புகுந்தோர் அனைவரும் முதலில் உண்டுவிட்டு அதன்பின் உறங்கிவிட்டமையே இக்குறைக்குக் காரணம் எனக் கொள்ள இடமுண்டு.

அந்தந்தப் பருவத்தில் அந்தந்த ஊரில் விளைவதையே சமைக்க வேண்டும் என்னும் கோட்பாடு அண்மைக்காலப் புதுமையாக உலகெங்கும் போற்றப்படுகிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1971இல் அலிஸ் வாட்டர்ஸ் என்பவர் திறந்த ‘ஷே பனீஸ்’ உணவகம் இக்கோட்பாட்டின் தாய்வீடு எனப்படுகிறது. இத்தாலியில் 1986இல் உரோமாபுரியின் ஒரு சதுக்கத்தருகே மக்டொனால்ட்ஸ் கடை வருவதை எதிர்த்துக் கார்லோ பெத்ரினி முதலானோர் தொடங்கிய இயக்கம் பின்னர் ‘நிதான உணவு’ இயக்கமாகப் பல நாடுகளிலும் வேரூன்றியது. இவற்றையெல்லாம் கேள்வியுறாமலே சித்தாண்டிக் கடைக்காரர் இதே கோட்பாட்டை நாள்தோறும் கடைப்பிடித்துவருகிறார் என்பதும், அதற்கு அவர் கொள்கை விளக்கம் எதுவும் வெளியிடவில்லை என்பதும், விளக்கம் கேட்பாருக்கு “அது இப்ப வாறல்ல” என்ற ஒரே தொடரில் மறுமொழி தந்து முடித்துவிடுகிறார் என்பதும் இங்குக் கருதத்தக்கவை. பெர்க்லியில் இத்தொடரை அட்டையில் அழகாக அச்சிட்டு உண்பவர் கையில் கொடுப்பார்கள். சித்தாண்டியில் அட்டையே இல்லை.

அட்டை இல்லாத இடத்தில் அதன் பணியை ஆற்றுவது “அண்ணன், இண்டைக்கு என்ன மீன்?” என்னும் வினாவாகும். இதனை வெறும் விசாரிப்பு எனக் கொள்வது பிழை. இதற்குரிய விடையில் அன்றைய காற்று, கடலின் நிலை, வாவியின் நீர்மட்டம், காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிவந்த மீன்காரரின் மனநிலை ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடப்பதால் சூரையும் பாரையும் சாளையும் தாராளமாக வரும். ஆனால் அதே காலத்தில் கச்சான் எனப்படும் வறண்ட தென்மேல் காற்று வீசித் தோட்டங்களைக் காயவைப்பதால், மீன் பெருத்துக் கீரை சிறுத்த சாப்பாடு அமையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் இந்நிலை தலைகீழாகிறது. கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையேறிவிட, வாவியிலும் ஆற்றிலும் குளத்திலும் பிடிபடும் மணலை, விரால், கெளிறு முதலியன சட்டிக்கு வருகின்றன. வல்லாரையும் பொன்னாங்காணியும் வரம்போரங்களில் தாமாகவே முளைத்துச் சுண்டலாகின்றன. (சுண்டல் என்பது இங்குக் கடலையன்று, கீரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவுடன் சுண்டவைத்த கறி.) மழை மிகுந்து சந்தனமடு ஆறு பெருகிவிட்டால் அக்கரைப் பொருள் எதுவும் வராது, அன்று கடையில் பருப்பும் சொதியும் முட்டையுமே ஆட்சி செலுத்தும். கோயில் திருவிழாக் காலத்தில் மீன்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டு மரக்கறி மட்டும் சமைக்கப்படுவதால், தெய்வமும் ஒரு பருவம் என்றே கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

‘உள்ளூர்’ என்பதன் எல்லையை வரையறுக்க முற்படும்போதுதான் ஆராய்ச்சி இடர்ப்படுகிறது. மாசி, பங்குனியில் அறுவடையாகும் பெரும்போக நெல், முற்றத்து முருங்கை, வேலியோரத்து வாழைக்காய் ஆகியவற்றின் பிறப்புரிமையை எவரும் மறுக்கார். ஆயின், “நம்மட குளத்து மீன்” என்று உரிமையோடு பரிமாறப்படும் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீனாகும். இலைக்கு இலை தவறாது இடம்பெறும் மைசூர்ப் பருப்போ மைசூரைக் கண்டதே இல்லை. அது கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருவது. மிளகாயின் பூர்வீகத்தை விசாரித்தால் அமெரிக்கக் கண்டம் வரை போக வேண்டிவரும் என்பதால் அதனை விசாரிக்காமல் விடுவதே ஊருக்கு நன்று. எனவே, குசினிக்குள் புகுந்து தேங்காய்ப்பாலில் ஒருமுறை கொதித்தெழுந்த பொருள் எதுவும் சித்தாண்டிப் பிரஜையாகிவிடுகிறது என்று கொள்வதே பொருத்தமான வரைவிலக்கணம்.

தயிர் மட்டும் இவ்வாறான ஐயத்துக்கு இடமளிக்காதது. மண்சட்டியில் உறைந்து, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிரைச் சோற்றின் கடைசிப் பங்கோடு வாழைப்பழம் சேர்த்துப் பிசைந்து உண்பது மட்டக்களப்பு வழக்கு. இதனை அநாகரிகம் என எண்ணி முகஞ்சுளிக்கும் கொழும்புவாசிகள் இரண்டாம் முறை தாமாகவே பழம் கேட்பது கண்கூடு. ஆனால் இத்தயிரின் வரலாறு நகைச்சுவைக்கு உரியதாக இல்லை. இப்பகுதி மாட்டுப் பட்டிகள் மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ள மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளை நம்பியிருப்பவை. அங்கே வெளிமாவட்டத்தவர் புகுந்து பயிர்செய்வதையும் மாடுகள் கொல்லப்படுவதையும் எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பால்பண்ணையாளர்கள் இதே சித்தாண்டியில், இதே நெடுஞ்சாலையோரத்தில் பந்தலமைத்து அமர்ந்து, மாதக்கணக்கில் அறப்போராட்டம் நடத்தினர். உணவு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்து உண்ண வேண்டும் என்று மேலைநாட்டு உணவகங்கள் போதிக்கின்றன. சித்தாண்டியில் தயிர் உண்டவர் கைகழுவி வெளியே வந்தால் அதற்கான விடை பதாகை பிடித்துக்கொண்டு இருந்தது.

இனிச் சோற்றின் அளவு. கடையில் அமர்ந்து உண்பவருக்கு இடப்படும் சோற்றைவிடப் பார்சலில் கட்டப்படும் சோறு கூடுதலாக இருப்பதும், அவ்வாறிருந்தும் விலை ஒன்றாகவே இருப்பதும் இலங்கை முழுவதும் அறியப்பட்ட புதிராகும். கடைக்காரரின் கணக்குப் பிழை என்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். அவர்கள் வணிகம் அறியாதவர்கள். அமர்ந்து உண்பவருக்கு “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா தம்பி?” என்று கேட்கப்படும் உரிமை உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு எனினும் அதனைப் பயன்படுத்தி வென்றவர் அரியர். பார்சல்காரரோ வீட்டில் இருப்பார். அங்கே அவரைக் கேட்பதற்கு முதலாளி வரமுடியாது. ஆகவே, கேட்க முடியாமற்போகும் அந்த இரண்டாம் அகப்பை முன்கூட்டியே கட்டப்பட்டுவிடுகிறது. பார்சலின் பருமன், உபசாரம் தூரம் செல்லும்போது எடுக்கும் வடிவமே ஆகும். சமையல் எரிவாயு நாடெங்கும் அற்றுப்போன 2022இல் சிறுகடைகள் விறகடுப்புக்குத் திரும்பி, விலையைக் கூட்டி, கறிகளில் ஒன்றைக் குறைத்தபோதும் இந்த இரண்டாம் அகப்பையில் கைவைக்கத் துணிந்த கடை கண்டறியப்படவில்லை.

பின்னேரத்தில் வரும் வடைத்தட்டு தனியே ஆராயத்தக்கது. பிளேன்ரீ, அதாவது பால் சேராத தேத்தண்ணி, கேட்டவர் முன் கேட்காமலே ஒரு தட்டு வைக்கப்படும். அதில் பருப்பு வடை, வாய்ப்பன், ரோல்ஸ் முதலியன குவிந்திருக்கும். எடுத்தவற்றுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். எஞ்சியவை அடுத்த மேசைக்குப் பயணமாகும். எத்தனை வைக்கப்பட்டன என்று எவரும் எழுதுவதில்லை. உண்டவர் எழுந்துவந்து “ரெண்டு வடை, ஒரு ரோல்ஸ்” என்று தாமே வாக்குமூலம் அளிக்கிறார்; முதலாளி தலையசைக்கிறார். இது நம்பிக்கையின் மீது நிற்கும் ஏற்பாடு என்று சிலர் நெகிழ்வர். முதலாளியின் கண்கள் வந்த வேளை முதல் தட்டை விட்டு அகலவில்லை என்பதை அவர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். கூட்டத்தில் அமர்ந்து கதைத்துக்கொண்டே உண்டு கணக்கை மறந்தவர் ஒன்று குறைத்துச் சொன்னால், முதலாளி மறுத்துரைக்காமல், “மற்றது தம்பிட கணக்கிலயா?” என்று மட்டும் வினவுவார். இவ்வினாவுக்கு எதிர்வினா தொடுத்தவர் எவரும் இலர்.

வடையின் எண்ணெயை ஒற்றுவதற்குக் கொடுக்கப்படும் தாள் பெரும்பாலும் பள்ளிக் கொப்பியின் பக்கமாக இருக்கும். அதில் ஏதோவொரு மாணவர் போட்ட வகுத்தற் கணக்கும் ஆசிரியரின் சிவப்புக் கோடும் காணப்படும். அருகில் வந்தாறுமூலையில் 1986இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதால், கணக்குச் சரியா பிழையா என்று மேசையில் விவாதிக்க ஆட்களுக்குக் குறைவிராது.

இவ்வாராய்ச்சியைச் சரிபார்க்க விழையும் வாசகர் பன்னிரண்டரைக்கு முன்னரே மேசையில் அமர்ந்துவிடுதல் வேண்டும். ஒரு மணிக்கு மீன் தலை முடிந்துவிடும். ஒன்றரைக்கு நடுத்துண்டும் முடிந்துவிடும். இரண்டு மணிக்குப் பின் செல்பவருக்கு முட்டைச் சாப்பாடுதான்.