சுருட்டை முடி சோறு போடும்

வெள்ளிக்கிழமை காலை என்றாலே எனக்கு அழுகைதான். 1980-களின் பாளையங்கோட்டை. அம்மா தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் என்னை உட்காரவைத்து, உச்சியில் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிடுவாள். அதுவரை சுகம். ஈரத்தலையில் சீப்பு படக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சிக்கெடுப்பு. பொடிப்பல் சீப்பு உச்சியில் இறங்கும், பாதியில் சிக்கிக்கொள்ளும், அம்மா இழுப்பாள். “ஆடாம உக்காருட்டி!” ஒருநாள் சீப்பின் பல் இரண்டு உடைந்து சடைக்குள்ளேயே தங்கிவிட்டது. பள்ளிப் பிரேயரில் பின்னால் நின்ற பெண்தான் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

எவ்வளவு எண்ணெய் வைத்து அழுத்தினாலும் மதியத்துக்குள் முடி எழும்பிவிடும். ‘16 வயதினிலே’ 1977-ல் வந்த படம்; நான் பள்ளிக்குப் போன காலத்திலும் அதில் வரும் ‘பரட்டை’ என்ற பெயர் சாகவில்லை. வகுப்பில் அது எனக்கு. ஒரு டீச்சரே அப்படித்தான் கூப்பிட்டார். ஆச்சி மட்டும், “சுருட்ட முடி சோறு போடும்ட்டி, அழாத” என்பாள்.

இன்று சென்னையில் எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு அலை அலையாக இறங்கும் முடி. இளையவளுக்கு ஸ்பிரிங் மாதிரி. நனைந்தால் இடுப்பைத் தொடும், காய்ந்தால் தோளுக்கு ஏறிவிடும். ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் முடியை நேர்முடி 1, அலைமுடி 2, சுருள்முடி 3, மிக நெருக்கமான சுருள் 4 என்று வகை பிரித்தார். அந்தக் கணக்கில் மூத்தவள் 2, இளையவள் 3. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே என்று இருவருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து தேய்த்ததுதான் ஆரம்பத்தில் நான் செய்த தப்பு. சின்னவளுக்கு அமிர்தமாக இருந்த கெட்டி க்ரீம், பெரியவளின் அலையைப் படுக்கவைத்து எண்ணெய் வழியும் தலையாக்கியது. அவளுக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் கண்டிஷனர் போதும்.

சுருள்முடி முளைக்கும் குழியே வளைந்தது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் அத்தனை வளைவையும் தாண்டி நுனிக்கு எளிதில் போய்ச் சேராது. அதனால்தான் சுருள்முடிக்கு வறட்சி. காய்ந்த நிலையில் வாரினால் சுருள் பிரிந்து பஞ்சாகும், முடி அறுந்து வரும். அம்மாவின் ஈரத்தலைச் சட்டம் நேர்முடிக்குச் சரி. சுருட்டைக்கு ஈரத்தில், கண்டிஷனர் வழுவழுப்போடுதான் சிக்கெடுக்க வேண்டும்.

ஞாயிறு மாலை சின்னவளின் தலையை நான்காகப் பிரித்துக்கொள்வேன். முதலில் விரல், பிறகு அகலப்பல் சீப்பு. நுனியில் தொடங்கி, அங்கே சிக்கு விட்ட பிறகு ஒரு விரற்கடை மேலே. அடிமுடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைக்குப் போகாது. அலசிய பிறகு துண்டால் தேய்ப்பதில்லை. பழைய பருத்தி பனியனால் ஒற்றி எடுப்பேன். வெந்தயம் ஊறிய தண்ணீரைக் கொதிக்கவைத்து வேட்டித்துணியில் வடிகட்டினால் வரும் வழுவழுப்பைச் சுருள் சுருளாகக் கசக்கிவிடுவேன். ராத்திரி அவள் படுப்பது என் பழைய பட்டுப்பாவாடையில் தைத்த தலையணை உறையில். பருத்தி உறை போல அது முடியை உரசிச் சிக்காக்குவதில்லை.

அம்மா ஊரிலிருந்து வரும்போது செம்பருத்தி இலை பறித்துக் கொண்டுவருவாள். அம்மியில் அரைத்தால் நுரையும் பசையுமாக வரும் அந்தத் தாளியை அன்றே எனக்கும் தேய்த்தவள் அவள்தான். மருந்தில் குறையே இல்லை, சீப்பு பிடித்த விதத்தில்தான் குறை. போன முறை சின்னவளுக்கு அம்மாவே சிக்கெடுத்தாள், நுனியிலிருந்து, முனகல்கூட எழாமல். பாதியில் கை நின்றது. “அப்போ எனக்கு இத சொல்லித்தர ஆளில்லட்டி” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு சுருட்டை முடிக் குழந்தை இருந்தால், இந்த ஞாயிறு அதன் தலையை நனைத்துவிட்டு சீப்பை நுனியில் வையுங்கள். டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் குழந்தையை அதன் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.