சம்பளச் சீட்டும் இக்காமாவும்

கண்டனூர் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் ஒரு காலத்தில் சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பர்மாவுக்குக் கப்பலேறினார்கள். மூன்று வருடக் கணக்கு. ஆச்சி ஊரில், ஆள் ரங்கூனில். கடையில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படியேறலாம்.

இன்று அதே வட்டாரத்து எம்.ஏ., பி.எட். வாத்தியார் சவூதியின் ஜுபைலுக்குப் பறக்கிறார். மீன்பிடி ஊராக இருந்த இடத்தில், 1975இல் அரச ஆணையம் ஒன்றை அமைத்து எழுப்பிய தொழில்நகரம் அது; சுற்றிலும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள். அவருக்கு முன்பே அவருடைய பட்டச் சான்றிதழ் ஊர் சுற்றிவிடுகிறது: சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் இன்னொன்று. முன்பக்கம் படித்த படிப்பு, பின்பக்கம் முழுக்க அவர் படித்தார் என்பதற்குச் சாட்சி.

பிறகு இக்காமா என்கிற வசிப்பிட அட்டை. கையெழுத்தில்லாத லீவு லெட்டரைத் திருப்பி அனுப்புகிற அதே வாத்தியார், தாம் ஊருக்கு வந்துபோக முதலாளியின் சம்மதத்துக்குக் காத்திருந்தார். 2021 மார்ச்சில்தான் பிடி கொஞ்சம் தளர்ந்தது. சில நிபந்தனைகளோடு அவரே விண்ணப்பிக்கலாம்.

வார விடுமுறையும் 2013இல் வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. ஞாயிறு காலை, "லீவுதானே மாமா?" என்று ஊரிலிருந்து போன் வரும்போது அவர் இரண்டாம் பீரியடில் இருக்கிறார்.