ஜன்னல் கம்பிக் கோட்பாடு: ஆற்றுக் கப்பல் சமையலும் ராஜபாளையம் பஸ்ஸும்

ஆய்வின் எல்லை

இவ்வாய்வு திருவண்ணாமலையிலிருந்து தொடங்குகிறது. கிரிவலம் போகிறவர்கள் பொறுத்தருள வேண்டும். இது அந்தத் திருவண்ணாமலை அன்று. விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு குன்று. அதன் மேல் சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே அங்கே படியேறும்.

ஆய்வுப் பொருளோ, ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்களில் பரிமாறப்படும் வட்டார உணவு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஆய்வு நெறி அறியாதவர்கள். ஒரு பொருளை அது இல்லாத ஊரில் உட்கார்ந்து ஆராய்ந்தால்தான் நடுநிலை கெடாது. எங்கள் பக்கம் ஆறு இல்லாமல் இல்லை. ராஜபாளையத்துக்கு முடங்கியாறு உண்டு. அதில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்; கப்பல் விடும் அளவுக்கு யாரும் ஆசைப்பட்டதில்லை. ஆகவே இக்கட்டுரையில் ஆறு என்று வருமிடமெல்லாம் தேசிய நெடுஞ்சாலை 744 என்று கொள்க. அது திருமங்கலத்தில் உற்பத்தியாகி, கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை என்று பாய்ந்து, மலையைத் தாண்டிக் கொல்லத்தில் கடலை அடைகிறது.

ஆறு மலையேறுமா என்ற ஐயம் எழலாம். ரைன் பக்கத்தையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாய் 1992-இல் முடிந்தது. அது கப்பலையே கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி மறுபக்கம் இறக்குகிறது. அங்கே கப்பல் மலையேறலாம் என்றால் இங்கே ஆறு ஏறுவதில் என்ன தடை?

கப்பல் என்பது அரசு பஸ். மாலுமி யார், கேப்டன் யார் என்பதில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நெடுநாளாக வழக்கு இருப்பதால் அதற்குள் இவ்வாய்வு நுழையாது.

பொருளின் விளக்கம்

ஆற்றுக் கப்பல் ஏறத்தாழ 135 மீட்டர் நீளம். அகலம் பதினொன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு; வழியிலுள்ள நீர்ப்பூட்டுகளில் பல 12 மீட்டர்தான் அகலம் என்பதால் அதற்கு மேல் பருக்க முடியாது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் பருக்கத் தடையில்லை. ஏறத்தாழ 190 பேர் மூன்று வேளையும் சாப்பிட்டபடி ஊர் ஊராகப் போவார்கள். அந்தந்த ஊர் வந்தால் அந்தந்த ஊர்ப் பண்டம் மேசைக்கு வரும் என்பது கப்பல்காரர் வாக்கு. பவேரியாவில் வெள்ளை சாசேஜ், வாஹாவ் பள்ளத்தாக்கில் ஆப்ரிகாட் பழத்தை உள்ளே வைத்த கொழுக்கட்டை, வியன்னாவில் சாக்கர் கேக், புடாபெஸ்டில் கூலாஷ்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பலின் அடுப்படி சிறியது. சரக்கு ஏற்றுவது ஏதோ ஒரு பெரிய துறையில். சமைப்பவர்கள் பல தேசத்துப் பிள்ளைகள். ஆக, ஊர் மாறும்போது அங்கே மாறுவது பெரும்பாலும் பரிமாறுகிறவரின் உடுப்பும் பின்னணி அக்கார்டியனும்தான். ரேகன்ஸ்பர்க் நகரில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் காலடியிலேயே பழைய சாசேஜ் கடை, கரி அடுப்பில் சுட்டுத் தருகிறது. புகை ஆற்றின் மேல் வருகிறது. கப்பலில் இருப்பவருக்கு வாசம் வரும், சாசேஜ் வராது. இறங்கி நடந்தால் உண்டு. நடந்து போய்த் தின்பதென்றால் கப்பல்காரனுக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பதே இத்துறையின் தீராத சிக்கல்.

கருதுகோள்

வட்டார உணவை உண்டாக்குவது வட்டாரமன்று, ஜன்னல். இதுவே இவ்வாய்வின் கருதுகோள். வண்டி நிற்கிற இடமும், நிற்கிற நேரமும், கை நுழைகிற அளவுக்குத் திறந்த ஜன்னலும் சேர்ந்தால் அந்த ஊருக்கு ஒரு பண்டம் பிறந்துவிடுகிறது.

சான்றுக்கு ரயிலைப் பார்க்கலாம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் இருப்புப்பாதை வந்தது. அந்தப் பாதை நெடுக இன்று பெயர் சொல்லும் பண்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சாத்தூரில் காராச்சேவும் வெள்ளரிக்காயும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. கடம்பூரில் போளி. எல்லாம் கையால் எடுத்து, காகிதத்தில் சுற்றி, கம்பிக்கிடையே நீட்டத் தக்கவை. ரசத்துக்குப் பெயர்போன ஜங்ஷன் என்று ஒன்று ஏன் இல்லை? ரசம் நன்றாக வைக்கத் தெரியாத ஊரா நம் ஊர்கள்? ரசம் கம்பிக்கிடையே போகாது. அவ்வளவுதான்.

விருதுநகர் – தென்காசி பாதை 1927-இல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அப்போதுதான் ரயிலைக் கண்டன. ஆனால் எங்கள் பக்கத்துப் பண்ட வரலாற்றில் ரயிலைவிட பஸ் ஸ்டாண்டுக்கே பங்கு அதிகம். ரயில் இன்ன நேரத்துக்கு வரும், பஸ் எந்த நேரமும் வரும், வந்தால் கிளம்பாது. வட்டார உணவுக்கு அதைவிட ஏற்ற சூழல் வேறில்லை.

பூட்டும் கேட்டும்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் போகும் கப்பல் அறுபதுக்கும் மேற்பட்ட நீர்ப்பூட்டுகளைக் கடக்கிறது. நீர்ப்பூட்டு என்றால் இரண்டு கதவுக்கு நடுவே கப்பலை அடைத்துத் தண்ணீர் விட்டு உயர்த்துவது, அல்லது வடித்துத் தாழ்த்துவது. கால்வாயின் சில பூட்டுகள் ஒரே மூச்சில் ஏறத்தாழ 25 மீட்டர் தூக்குகின்றன. கப்பலுக்கும் சுவருக்கும் இடையே குறுகலான இடைவெளிதான். கப்பல் அசையாமல் நிற்கும். பயணிகள் மேல்தளத்தில் நின்று ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவ்வாய்வில் நெஞ்சை உலுக்கிய செய்தி இதுதான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கரை. கால் மணி, அரை மணி நேரம். 190 பேர், எல்லோரிடமும் காசு. ஒரு பூட்டில்கூட ஒரு ஆள் வேர்க்கடலை அவித்துக்கொண்டு வருவதில்லை!

எங்கள் நாட்டு நீர்ப்பூட்டுக்கு ரயில்வே கேட் என்று பெயர். கேட் விழுந்ததும் பஸ் நிற்கும். பஸ் நிற்பதற்கு முன்பே வெள்ளரிப் பிஞ்சு வந்துவிடும். காலத்துக்கேற்ப நுங்கு, பனங்கிழங்கு, கொய்யா, மாங்காய்ப் பத்தையில் மிளகாய்ப் பொடி. ராஜபாளையம் மலையடிவாரத்து மாந்தோப்புகளில் காய்த்த சப்பட்டை மாம்பழம் சித்திரை வைகாசியில் கூடையாக வரும். அதை நறுக்கவும் முடியாது, உரிக்கவும் முடியாது, மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வாசம் பிடிக்க வேண்டியதுதான். சமையல்காரர் இல்லை, பட்டியல் இல்லை, அக்கார்டியன் இல்லை. பக்கத்து ஊரில் அன்று காலை பறித்தது ஜன்னலுக்கு வந்தது. வட்டார உணவுக்கு இதைவிடக் கறாரான இலக்கணம் எதுவும் டான்யூப் கரையில் கிடைக்காது.

வியாபாரத்தின் கடைசிக் கட்டம் தனி ஆய்வுக்குரியது. கேட் தூக்கும்போது பண்டம் பயணியிடமும் காசு பயணியிடமும் இருக்கும். பஸ் நகரும். வியாபாரி கூடவே ஓடுவார். "அண்ணாச்சி, இருபது ரூவா! யக்கா, வாங்கிக் குடுங்கக்கா!" பஸ் முழுதும் அந்த இருபது ரூபாய்க்காகக் குரல் கொடுக்கும். தராமல் ஏமாற்றிப் போகும் ஆளை மிச்சப் பயணிகள் அடுத்த ஸ்டாப் வரை சும்மா விடமாட்டார்கள். நீதித்துறை இவ்வளவு விரைவாக இயங்கும் இடம் வேறில்லை.

தாங்குவனவும் தாங்காதனவும்

பண்டங்களில் பயணம் தாங்குவன உண்டு, தாங்காதன உண்டு. தாங்குவதற்குத் தலைமைச் சான்று பால்கோவா. மலையடிவாரக் கிராமங்களில் மாடு நிறைய, பால் மிச்சம். பால் சில மணி நேரத்தில் திரிந்துபோகும். ஆகவே விறகடுப்பில் சட்டியை வைத்து, சீனி போட்டு, அடிபிடிக்காமல் கிண்டிக்கிண்டித் தண்ணீரை விரட்டுகிறார்கள். பாலும் சீனியும் தவிர வேறொன்றும் இல்லை. ஆல்ப்ஸ் மலைக்காரன் இதே மிச்சப் பாலுக்குப் பயந்து பாலாடைக்கட்டி செய்தான்; நாங்கள் பால்கோவா செய்தோம். எது மேல் என்பதில் ஆய்வாளருக்குச் சார்பு உண்டு, மறைக்கவில்லை. 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே ஆற்றின் இரு கரையிலும் எல்லா ஊரிலும் "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று போர்டு கிடைத்துவிட்டது.

தாங்காததற்கு விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. எண்ணெயில் பொரித்து எடுத்து, மொறுமொறுவென்று பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றிய நொடியிலிருந்து அதற்கு ஆயுள் எண்ணப்படுகிறது. பார்சல் கட்டினால் வீட்டுக்கு வருவது வேறு பண்டம். பவேரியாவில் வெள்ளை சாசேஜை நண்பகல் மணி அடிப்பதற்குள் தின்றுவிட வேண்டும் என்று ஒரு மரபு; குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அது மாலைவரை தாங்காது. அந்த மரபை உண்டாக்கியவர் விருதுநகர் வந்திருந்தால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பார்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. தாங்குகிற பண்டம் ஊருக்குப் புகழ் தரும். தாங்காத பண்டம் ஊரிலேயே இருக்கும். அதைத் தேடி நாம்தான் போக வேண்டும். ஆற்றுக் கப்பல் செய்யும் பிழை, தாங்காததை எல்லாம் தாங்கும் என்று நம்பி ஏற்றிக்கொள்வது. கூலாஷ் ஹங்கேரியில் மாடு மேய்ப்பவர்கள் வெட்டவெளியில் தொங்கவிட்ட அண்டாவில் வைத்த குழம்பு. அதைக் கம்பளம் விரித்த கூடத்தில் சிறு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால் குழம்பு வரும், மாடு மேய்க்கிறவர் வரமாட்டார். சாக்கர் கேக் பிழைத்துக்கொள்ளும். 1832-இல் ஓர் இளைஞர் வியன்னாவில் செய்தது இன்று மரப்பெட்டியில் உலகெங்கும் போகிறது. அது வியன்னாவின் பால்கோவா.

இலக்கியச் சான்று

இச்சிக்கலை முதலில் அறிந்தவர் ஆண்டாள். அழகர்கோவில் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டவர். நேர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், படைக்க வேண்டியதோ மதுரைக்கும் அப்பால். நெய் சொட்டும் சர்க்கரைச் சோற்றை நூறு அண்டாவில் வண்டியேற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பல நூற்றாண்டு கழித்து இராமானுசர் அந்த நேர்த்தியை அழகர்கோவிலிலேயே செய்து முடித்தார் என்பது வைணவ மரபு. அதாவது, பண்டத்தை அனுப்பவில்லை, பக்குவத்தை அனுப்பினார்கள். திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாளாம். சரக்குப் போக்குவரத்தைச் சரியாகச் செய்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடைத்ததில்லை. இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகிறது. மாலை பயணம் தாங்கும். அக்காரவடிசிலை மார்கழி 27, கூடாரவல்லி அன்று அந்தந்த ஊரில் அந்தந்த வீட்டில் வைத்துக்கொள்கிறோம்.

திருவண்ணாமலைக் குன்றிலும் இதே நியாயம்தான். அங்கே பயணம் மேல்நோக்கியது. நீர்ப்பூட்டு இல்லாமல் முழங்காலால் ஏறுவது. புரட்டாசிச் சனிக்கிழமை அடிவாரத்துக் கடைகளில் விற்பது பொரிகடலை, பேரீச்சம்பழம் போன்ற தாங்குவன. உள்ளூர்ப் பரோட்டாக் கடைகள் அந்த மாதம் முழுவதும் சால்னாவைச் சைவமாக்கித் தவம் இருக்கும்.

எதிர்வாதம்

ஜன்னல் வழிப் பண்டம் சுத்தமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். டான்யூப் கப்பலில் கையுறை போட்டுப் பரிமாறுகிறார்கள் என்பதும் உண்மை. வெள்ளரிப் பிஞ்சைக் கழுவிய தண்ணீர் எது என்பதை இவ்வாய்வு விசாரிக்கவில்லை. விசாரித்தால் தின்ன முடியாது.

வலுவான எதிர்வாதம் வேறொன்று இருக்கிறது. ஜன்னலே போய்க்கொண்டிருக்கிறது. ஏ.சி. பஸ்ஸில் கண்ணாடி திறக்காது. கேட் இருந்த இடத்தில் மேம்பாலம் வருகிறது. நான்குவழிச் சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் புறவழியாகப் போகிறது. பஸ் இப்போது நிற்பது ஊரில் அன்று; ஊருக்கு வெளியே, ஒரே மாதிரி விளக்கு எரியும் மோட்டலில். அங்கே எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தோசை எல்லா ஊர் விலையையும் சேர்த்து விற்கிறது. ஐரோப்பியர் கப்பலில் பணம் கட்டி வாங்குகிற நிலைமையை நாம் டிக்கெட் விலையிலேயே அடைந்துவிட்டோம். இதை வளர்ச்சி என்பவர்களோடு வாதிட ஆய்வாளருக்குத் தெம்பில்லை; மோட்டல் தோசை தின்ற களைப்பு.

பரிந்துரை

ஏ.சி. பஸ்ஸில் ஒரே ஒரு ஜன்னலாவது கை நுழையும் அளவுக்குத் திறக்க வேண்டும். அதைக் கண்டக்டர் பொறுப்பில் விடலாம். டான்யூப் நீர்ப்பூட்டுகளுக்கு எங்கள் கேட் வியாபாரிகளில் இருவரை அனுப்பினால் ஒரே பருவத்தில் அங்கும் வட்டார உணவு பிறந்துவிடும். இந்தப் பக்கத்திலிருந்து யாராவது அந்தக் கப்பலில் போவதாக இருந்தால் அரைக் கிலோ பால்கோவாவைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; பூட்டில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு விள்ளல் கொடுங்கள்.

இக்கட்டுரையை மறுத்து எழுத விரும்புவோரை வரவேற்கிறோம். ஆனால் எழுதுமுன் மதுரையில் ராஜபாளையம் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டுப் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்குமாவது வாருங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். பஸ் நகரும்போது கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்ய முடியாது.