மிச்சமிருந்த மூன்று நிமிடம்

எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டர் இல்லாத பஸ் ஸ்டாண்ட் ஏது? வெள்ளைத்தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வாங்க தம்பி என்று கடைக்காரர் சொன்ன தேதிக்கு முந்தின நாளே போய் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இசைத்தட்டு சுற்றுவதைப் பார்த்தபடி காத்துக்கிடந்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். 60 நிமிட கேசட், பக்கத்துக்கு 30. ஆறு பாட்டு பதிந்தபின் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். அதைச் சும்மா ஓடவிட மனசு வராத எங்கள் ஊர்க் கடைக்காரர், நாம் கேட்காத ஒரு பாட்டை, பெரும்பாலும் ஜி. ராமநாதன் காலத்துப் பாட்டொன்றை, தன் ரசனைக்குப் போட்டு நிரப்பித் தருவார். பல்லவியும் ஒரு சரணமுமாக அது அறுந்து நிற்கும். மீதியைக் கேட்பதற்காகவே அடுத்த பட்டியலில் அதை முதலில் எழுதுவேன். பழைய பாட்டு எனக்குப் பழகியதே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைப்போம், யாரும் தெரியாமல் மேலே பதிந்துவிடக் கூடாதே என்று. பிறகு மனம் மாறினால் அந்தப் பள்ளத்தில் காகிதத்தை மடித்துச் செருகுவோம்.

இப்போது என் சி.டி.க்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. நொடிக்கு 44,100 மாதிரிகளாக சி.டி. எடுத்து வைத்த ஒலியில், காது கவனிக்காது என்று நினைப்பதை எம்பி3 கழித்துவிடும். 2001-இல் வந்த ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவமோ எதையும் கழிக்காமலே ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்கிவிடுகிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்தபோது கேசட் இரைச்சலுக்கு அடியில் எனக்குக் கேட்காமலே போன வயலின் நெளிவெல்லாம் இன்று துல்லியமாகக் கேட்கிறது. அந்த சந்தோஷத்துக்கு ஈடில்லை. ஆனால் ஒரு டெராபைட்டில் இரண்டாயிரம் சி.டி.க்கு மேல் கொள்ளும்போது, நிரப்ப மிச்சம் என்று ஒன்று ஏது? கேட்காததைத் தானாக எடுத்துத் தர அந்தக் கடைக்காரரும் இல்லை.

பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இதெல்லாம் முழுசா, சுத்தமா கிடைக்குதேப்பா என்கிறாள் மகள். கிடைக்கிறதுதான். இருந்தாலும் அந்த அரைப் பாட்டுகளை, அறுந்த இடமும் இரைச்சலும் அப்படியே இருக்க, 24 பிட் ஃப்ளாக்கில் பதிந்து இரண்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஒன்று கெட்டுப்போனாலும் போகட்டும், இன்னொன்று தம்பி வீட்டில் இருக்கிறது.